மழை தொடங்க, தகரம் நசுங்க

வணக்கம் நேயர்களே. விடையை மறைத்துச் சொல்லும் ‘கிரிப்டிக்’ குறுக்கெழுத்து என்றாலே பலர் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். குறிப்பைப் படித்தால் தலையும் புரிவதில்லை, காலும் புரிவதில்லை என்கிறார்கள். ஒரு குறிப்பு சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

‘மழை தொடங்க, தகரம் நசுங்கிப் பச்சைக் கல்.’ ஐந்து எழுத்து.

கேட்டதும் நம் மலேசியக் கம்பத்து (கிராமத்து) வீட்டுத் தகரக் கூரை கண்ணில் வரும். அந்தக் காட்சியை ஒதுக்கிவிடுங்கள். குறிப்பின் ஒரு முனையில் விடையின் நேர்ப்பொருள் இருக்கும். மீதியில் விடையை எழுத்தெழுத்தாகக் கட்டும் வழி இருக்கும். நேர்ப்பொருள் முதலில் வரும் அல்லது கடைசியில் வரும், நடுவில் வராது. இங்கே கடைசியில்: பச்சைக் கல். ‘மழை தொடங்க’ என்றால் மழையின் முதலெழுத்து, ம. ‘நசுங்கி’ என்பது பக்கத்துச் சொல்லைக் கலைக்கச் சொல்கிறது. த, க, ர, ம் கலைந்தால் ர, க, த, ம். முன்னால் ம வைத்தால் மரகதம்.

இதில் ஒரு கண்ணியும் உண்டு. இலக்கணம் படித்தவர்கள் தகரம் என்றதும் ‘த’ என்ற ஓரெழுத்தை எடுப்பார்கள். வேறொரு குறிப்பில் அதுவே சரியாகவும் இருக்கும். இங்கே ஐந்து எழுத்து நிரம்பாது என்பதால் அந்த வழி அடைபடுகிறது. எண்ணிக்கையை மறக்கவே கூடாது.

1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வோர்ல்டு நாளிதழில் ஆர்தர் வின் வெளியிட்ட, முதல் குறுக்கெழுத்து எனப்படும் புதிரில் இந்த வித்தை கிடையாது. அதை வளர்த்தது 1920களின் இங்கிலாந்து. பிறகு 1939 முதல் அப்சர்வர் இதழுக்கு ‘சிமெனிஸ்’ என்ற புனைபெயரில் புதிர் அமைத்த டி. எஸ். மக்நட் அதற்கு ஒழுங்கு வகுத்தார்: துல்லியமான நேர்ப்பொருள், நியாயமான கட்டுவழி, வேறு ஒரு சொல்லும் கூடாது. எனக்கு இதுதான் வேதம்.

தமிழில் கணக்கு மாறுகிறது. ஆங்கிலத்தில் 26 எழுத்து, நமக்கு 247. ஒரு கட்டத்தில் ‘ரை’ விழுந்துவிட்டால் குறுக்கே போகும் சொல் பாதி வெளிச்சத்துக்கு வந்துவிடும். அதே காரணத்தால் புதிர் அமைப்பவர் திண்டாடுவார். இரண்டு சொற்கள் ‘ரை’யிலேயே சந்தித்தாக வேண்டும், ‘ர’ போதாது. கலைந்த எழுத்துகளை அடுக்கவும் இலக்கணம் கைகொடுக்கும். புள்ளி எழுத்து முதலில் வராது. அ, இ, உ போன்ற தனி உயிர் இருந்தால் அநேகமாக அதுதான் முதலெழுத்து. ம் இருந்தால் கடைசியில் வைத்துப் பாருங்கள்.

எரிச்சல் எங்கே வருகிறது? பெரும்பாலும் சந்தியில். பலா, பழம் இரண்டையும் சேர்க்கச் சொல்கிறது குறிப்பு. இரண்டும் மூன்றும் ஐந்து. ஆனால் பலாப்பழம் ஆறு எழுத்து. நடுவில் வரும் ‘ப்’புக்குக் குறிப்பில் இடமே இல்லையென்றால், அரை மணி நேரம் விழித்தவர்மேல் குற்றமில்லை. தேர், ஓட்டம் சேர்ந்தால் இதற்கு நேர்மாறு: ஆறு எழுத்து ஐந்தாகச் சுருங்கும். இப்படிப்பட்ட குறிப்பில் ‘ஒட்டிக்கொண்டு’ என்றாவது ஒரு சாடை வேண்டும். அது இல்லாத புதிரை நான் மதிப்பதில்லை.

நியாயமான குறிப்பில் சிக்கினால் நிறுத்தக்குறிகளை அழித்துவிட்டுப் படியுங்கள். பொய் சொல்வது பெரும்பாலும் காற்புள்ளிதான். அடுத்து தலை, கால், வால், வயிறு, இடை போன்ற உறுப்புகளைத் தேடுங்கள். ‘தலை இழந்த குதிரை கடலில் எழுவது’ என்றால் கு போய்த் திரை மிஞ்சும். திரை என்றால் அலை.

இன்னொரு தவறு, விடையை ஊகித்ததும் பேனாவால் எழுதிவிடுவது. ‘கோலத்துக்குள் நம்மூர்ப் பேச்சின் வால் நுழைய, மலரும் ஊர்க்கோடியும் சேர்ந்த தலைநகரம்.’ ஆறு எழுத்து. கோலாலம்பூர் என்று சிறுபிள்ளையும் சொல்லிவிடும். ஏன் என்று சொல்லும்போதுதான் சுவை. மலேசியாவில் பேச்சின் முடிவில் ‘லா’ சேர்த்து ‘சரிலா’ என்கிறோமே, அந்த ‘லா’ கோலத்துக்குள் நுழைந்தால் கோலாலம். மலர், பூ. ஊரின் கோடி, ர். ஆறு கட்டமும் கணக்கோடு நிரம்பின, குறிப்பில் ஒரு சொல்கூட மிச்சமில்லை. இப்போது பேனாவை எடுக்கலாம்.