ஒரு நல்ல வகுப்பறை அடுத்த மாவட்டத்துக்கு எப்படிப் போய்ச் சேருகிறது?

வணக்கம். தொடக்கப்பள்ளிகளைப் பற்றித் தொடர்ந்து பேசிவரும் இந்த அலைவரிசையில், இன்று ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். ஓர் ஊரில், ஓர் ஒன்றியத்தில் நன்றாக நடந்த ஒரு கற்பித்தல் முறை அடுத்த மாவட்டத்துக்கு எப்படிப் போகிறது, போகிற வழியில் அதில் எது தங்குகிறது, எது உதிர்கிறது என்பதே அந்தக் கேள்வி. ஓர் ஆணை, ஒரு பயிற்சி, ஒரு கையேடு ஆகிய மூன்றும் இருந்தால் எந்த முறையையும் எங்கும் கொண்டு சேர்த்துவிடலாம் என்ற நம்பிக்கை நம் கல்வி நிர்வாகத்தில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. ஓர் ஆசிரியர் இன்னோர் ஆசிரியரின் வகுப்பில் உட்கார்ந்து பார்த்து, பார்த்ததைத் தன் பிள்ளைகளுக்கு ஏற்றபடி மாற்றி எழுதும்போதுதான் ஒரு முறை உயிரோடு எல்லை தாண்டுகிறது. ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் நடந்த ஒரு தொடர்கதையே இதற்குச் சான்று.

ஆந்திரத்தில் மதனப்பள்ளிக்கு அருகே, அன்றைய சித்தூர் மாவட்டத்தில், ரிஷி வேலி என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. ஜே. கிருஷ்ணமூர்த்தியின் கல்விச் சிந்தனையில் வளர்ந்த உறைவிடப் பள்ளி அங்கு இருப்பது பலருக்கும் தெரியும். அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் அதே நிறுவனம் நடத்திய சின்னஞ்சிறு பள்ளிகளைப் பற்றி அறிந்தவர்கள் குறைவு. பத்மநாப ராவ், ரமா என்ற தம்பதியர் 1980-களின் பிற்பகுதியில் அந்தச் சிற்றூர்ப் பிள்ளைகளுக்காக வேலை செய்யத் தொடங்கியபோது, அவர்கள் முன்னால் இருந்த சிக்கல் நம் ஓராசிரியர் பள்ளிகளிலும் ஈராசிரியர் பள்ளிகளிலும் வேலை பார்த்த எவருக்கும் பழகிப்போன சிக்கல்தான். ஓர் அறை, ஓர் ஆசிரியர், வெவ்வேறு வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ். ஆடு மேய்க்கவோ அறுவடைக்கோ போன பிள்ளை இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வரும்போது பாடம் அதை விட்டுவிட்டு வெகுதூரம் போயிருக்கும். பிறகு அந்தப் பிள்ளை வகுப்பில் இருந்தும் இல்லாததைப் போலத்தான்.

இதற்கு அவர்கள் கண்ட வழி, பாடநூலைச் சிறு சிறு அட்டைகளாகப் பிரித்து, அவற்றை ஓர் ஏணியின் படிகளைப் போல வரிசைப்படுத்தியது. பிள்ளை எந்தப் படியில் நின்றதோ அந்தப் படியிலிருந்தே மறுபடியும் ஏறலாம். பக்கத்தில் இருக்கும் பிள்ளை எங்கே இருக்கிறது என்பது ஒரு பொருட்டே இல்லை.

இப்போது என் கையில் இருக்கும் இந்த அட்டையைக் கொஞ்சம் அருகில் காட்டுகிறேன், பாருங்கள். இந்த ஏணி முறை நம் மாநிலத்தில் செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் நடந்த காலத்து அட்டையின் மாதிரியில், பயன்படுத்திப் பார்ப்பதற்காக நானே செய்துவைத்திருப்பது இது. மேல் மூலையில் ஒரு சின்னம். அதன் பக்கத்தில் ஓர் எண். எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைகூட, சுவரில் தொங்கும் ஏணியில் இதே சின்னத்தையும் எண்ணையும் தேடி, தட்டிலிருந்து இந்த அட்டையைத் தானே எடுத்துக்கொள்ள முடியும். கீழே பட்டம், படம் என்று இரண்டு சொற்களும் அவற்றுக்கான படங்களும் இருக்கின்றன. அட்டையை எடுத்த பிள்ளை எந்தக் குழுவில் போய் உட்கார வேண்டும் என்பதையும் அந்தச் சின்னமே சொல்லிவிடும். அறிமுக அட்டை என்றால் ஆசிரியருக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். வலுவூட்டல் அட்டை என்றால் கூடப் படிக்கும் பிள்ளைகளோடு சேர்ந்து செய்ய வேண்டும். தனியாகச் செய்துவிடக் கூடியதற்குத் தனிக் குழு, மதிப்பீட்டுக்கு இன்னொரு குழு என்று மொத்தம் 6 குழுக்கள் தரையில் வட்ட வட்டமாக உட்கார்ந்திருக்கும். மதிப்பீட்டில் தடுமாறும் பிள்ளைக்குக் குறைதீர் அட்டை. தேறிய பிள்ளைக்கு அடுத்த படி. இந்த ஏற்பாட்டில் நான் பெரிதும் மதிப்பது ஒன்று உண்டு: ஆசிரியரின் நேரம், அந்த நேரத்தில் அவர் மிகவும் தேவைப்படும் நான்கைந்து பிள்ளைகளுக்குப் போய்ச் சேருகிறது.

இந்த முறை முதலில் எல்லை தாண்டியது கர்நாடகத்துக்கு. மைசூர் மாவட்டத்தில் கபினி அணைக்கட்டுப் பக்கம், பழங்குடி மக்கள் நிறைய வாழும் ஹெக்கடதேவன கோட்டை வட்டத்திலிருந்து ஓர் ஆசிரியர் குழு ரிஷி வேலிக்குப் போனது. வகுப்புகளில் உட்கார்ந்து பார்த்துத் திரும்பிய அந்த ஆசிரியர்கள், யுனிசெஃப் துணையோடு, 1995-இல் நலி கலி என்ற பெயரில் தங்கள் பள்ளிகளில் இதைத் தொடங்கினார்கள். ரிஷி வேலியின் அட்டைகளை அவர்கள் அப்படியே கன்னடத்தில் படியெடுத்துக்கொள்ளவில்லை என்பதைக் கவனியுங்கள். தங்கள் மாநிலப் பாடத்திட்டத்தை அவர்களே பிரித்தார்கள். தங்கள் வட்டாரப் பாடல்களையும் கதைகளையும் விளையாட்டுகளையும் உள்ளே கொண்டுவந்தார்கள். அட்டைகளைத் தாங்களே எழுதி, வகுப்பில் கொடுத்துப் பார்த்து, திருத்தினார்கள். அரசுப் பள்ளி ஆசிரியர்கள், கூடுதல் ஊதியம் எதுவும் இல்லாமல், தங்கள் பாடத்தைத் தாங்களே எழுதிய நிகழ்வு அது. அதற்காகவே அவர்கள்மீது எனக்குப் பெரும் மரியாதை உண்டு.

பிறகு அது வட்டத்தைத் தாண்டி, மாவட்டத்தைத் தாண்டி, 2009-10-இல் மாநிலம் முழுவதற்கும் போனது. பரவப் பரவ, அட்டைகள் மையமாக அச்சாகி வரத் தொடங்கின. அச்சான அட்டை பார்க்க அழகாக இருக்கும், நீண்ட நாள் உழைக்கும். ஆனால் அதில் கை வைத்துத் திருத்தலாம் என்ற எண்ணம் அதைப் பெறுகிற ஆசிரியருக்கு எளிதில் வருவதில்லை.

தமிழ்நாட்டுக்கு இது வந்தது சென்னை மாநகராட்சிப் பள்ளிகளின் வழியாக. 2003-இல், எம்.பி. விஜயகுமார் மாநகராட்சி ஆணையராக இருந்தபோது, ஆசிரியர்கள் ரிஷி வேலிக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்கள் திரும்பிவந்து, தமிழ்ப் பாடத்துக்கும் கணக்குக்கும் தாங்களே அட்டை செய்து, முதலில் சில பள்ளிகளிலும், பின்னர் மாநகராட்சியின் தொடக்கப்பள்ளிகள் எல்லாவற்றிலும் நடத்தினார்கள். நாற்காலிகள் போய்ப் பாய்கள் வந்தன. பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில், சுவரின் அடிப்பகுதியில், கீழ்மட்டக் கரும்பலகை வந்தது. தலைக்கு மேலே கம்பிப் பந்தல் கட்டி, பிள்ளைகள் வரைந்தவற்றை அதில் தொங்கவிட்டார்கள். பிள்ளைகள் தாங்களே தங்கள் வருகையைப் பதிந்துகொண்டார்கள். விஜயகுமார் பின்னர் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மாநிலத் திட்ட இயக்குநரானதும், ஒவ்வோர் ஒன்றியத்திலும் சில பள்ளிகள் மாதிரிப் பள்ளிகளாக எடுத்துக்கொள்ளப்பட்டு, 2007-08-இல் மாநிலத்தின் 37,000-க்கும் மேற்பட்ட பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் நடைமுறைக்கு வந்தது.

இந்த வேகத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஓர் அரசு அமைப்பு இத்தனை பள்ளிகளின் இருக்கை முறையையே மாற்றிக்காட்டியது சாதாரணமான செயலன்று. ஆனால் அந்த வேகத்தில் நேர்ந்த இழப்பையும் பேசியாக வேண்டும். மாநில அளவில் முதன்மைக் கருத்தாளர்கள், அவர்களிடம் கற்று மாவட்டக் கருத்தாளர்கள், அவர்களிடம் கற்று ஒன்றியக் கருத்தாளர்கள் என்று பயிற்சி படிப்படியாக இறங்கும்போது, கடைசிப் படியில் இருக்கும் ஆசிரியருக்குக் கிடைப்பது பெரும்பாலும் செய்ய வேண்டியவற்றின் பட்டியல். பாய் விரிக்க வேண்டும், கம்பி கட்ட வேண்டும், பதிவேடு எழுத வேண்டும் என்பதெல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கும். ஒரு குழுவில் ஒரே ஒரு பிள்ளை மட்டும் வந்து உட்கார்ந்தால் என்ன செய்வது, அட்டை கிழிந்துபோனால் என்ன செய்வது, மூன்றாம் வகுப்புப் பிள்ளை முதல் வகுப்புப் படியிலேயே மாதக்கணக்கில் நின்றுவிட்டால் பெற்றோருக்கு என்ன சொல்வது என்பவற்றுக்கு அந்தப் பட்டியலில் விடை இருக்காது. அந்த விடை, இதே முறையை ஓராண்டு நடத்திப் பார்த்த பக்கத்துப் பள்ளி ஆசிரியரிடம் இருக்கும். பாடநூல் மாறும்போது சிக்கல் இன்னும் பெரிதாகிறது. 2010-இல் சமச்சீர்க் கல்வி முதல் வகுப்பில் தொடங்கியது. 2018-இல் புதிய பாடநூல்கள் வரத் தொடங்கின. ஒவ்வொரு முறையும் ஏணியும் அட்டைகளும் புதிய பாடத்தோடு பொருந்த வேண்டும். அட்டையை எழுதத் தெரிந்த ஆசிரியர் அன்றே மாற்றத் தொடங்கிவிடுவார். அட்டையைப் பெற்றுக்கொள்ள மட்டும் பழகியவர் அடுத்த அட்டைக் கட்டு வரும்வரை காத்திருப்பார்.

கொரோனா காலத்தில் தொடக்க வகுப்புகள் ஏறத்தாழ 19 மாதங்கள் மூடிக்கிடந்த பிறகு, 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கப்பட்டது. முதல் மூன்று வகுப்புகளுக்கென வந்து, அடுத்த கல்வியாண்டில் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கும் நீண்ட இந்தத் திட்டத்தில், அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகள் இருப்பது பெற்றோருக்கும் இப்போது பழகிவிட்டது. பிள்ளை எந்த வகுப்பில் இருக்கிறது என்பதோடு, எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் பார்த்துக் கற்பிப்பது என்ற கருத்து இதிலும் இருக்கிறது. ரிஷி வேலியின் சிற்றூர்ப் பள்ளியில் எழுந்த அதே கேள்விக்கு இன்னொரு விடை இது என்றே நான் பார்க்கிறேன்.

இந்த விடையும் ஆசிரியரிடமிருந்து ஆசிரியருக்குப் போக வேண்டும் என்பதால்தான் குறுவள மையம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் சேர்ந்து உட்காரும் ஓர் அமைப்பு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது; புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை. கொலம்பியாவில் 1970-களில் தொடங்கிய எஸ்குவேலா நுவேவா என்ற கிராமப்புறப் பள்ளித் திட்டம், அருகருகே உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் தவறாமல் கூடிப் பேசும் சிறு வட்டங்களைத் தன் அடித்தளமாகவே வைத்துக்கொண்டது; புதிதாகச் சேரும் ஆசிரியர் முதலில் ஒரு மாதிரிப் பள்ளிக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்பதும் அதன் வழக்கம். நம் குறுவள மையக் கூட்டங்களில் காணொளி போடுகிறோம், சுற்றறிக்கை படிக்கிறோம், கருத்தாளர் பேசுகிறார். பிள்ளைகள் மட்டும் அந்த அறையில் இல்லை.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். கூட்டம் நடக்கும் நாளில் முற்பகல் முழுவதும், அதை நடத்தும் பள்ளியின் ஒரு வகுப்பில், பிள்ளைகள் இருக்கும்போதே, மற்ற ஆசிரியர்கள் சுவரோரமாக உட்கார்ந்து பார்க்கட்டும். பிற்பகலில், பார்த்த பாடத்தின் ஒரே ஓர் அட்டையையோ ஒரே ஒரு செயல்பாட்டையோ எடுத்து, அவரவர் பள்ளிக்கு ஏற்றபடி அங்கேயே மாற்றி எழுதட்டும். அடுத்த கூட்டத்தில், மாற்றியதைப் பிள்ளைகளிடம் கொடுத்தபோது என்ன நடந்தது என்று அவர்களே சொல்லட்டும். மாவட்ட எல்லையில் இருக்கும் ஒன்றியங்கள், ஓராண்டில் ஒரு முறையாவது, பக்கத்து மாவட்டத்துக் குறுவள மையத்துக்கு நான்கு ஆசிரியர்களை அனுப்பட்டும். பெரும்பாலும் ஒரே பேருந்தில் போய்த் திரும்பிவிடும் தூரம்தான் அது.

இந்தக் காணொளியைப் பார்க்கும் ஆசிரியர்களில் எவராவது, இன்னொரு பள்ளியில் பார்த்த ஒன்றைத் தன் வகுப்பில் மாற்றிச் செய்திருந்தால், எதை மாற்றினீர்கள், ஏன் மாற்றினீர்கள் என்று கீழே விரிவாக எழுதுங்கள். வருபவற்றிலிருந்து சிலவற்றை எடுத்து, அந்தச் செயல்பாடுகளை அட்டைகளாகவே எழுதி அடுத்த காணொளியில் காட்டுகிறேன். நன்றி, வணக்கம்.