புளிக்கும் தண்ணீரும் பொதுப் பணமும்

[திரையில்: மேசைமேல் ஒரு டம்ளர். அடியிலிருந்து மஞ்சள் வெளிச்சம்.]

ஒரு டம்ளரில் வெறும் தண்ணீர். வாய் வைத்து ஒரு மடக்கு குடிக்கிறீர்கள். நாக்கு சட்டென்று புளிக்கிறது. கண்ணுக்கும் எலுமிச்சை ஜூஸ் மாதிரியே மஞ்சளாகத் தெரிகிறது. ஆனால் அதில் ஒரு சொட்டு எலுமிச்சைகூடக் கிடையாது.

2017இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் கியூட் என்ற ஆய்வு மையத்தில் நிமேஷா ரணசிங்கவும் அவருடைய குழுவும் செய்து காட்டியது இது. ஓரிடத்தில் நிஜ லெமனேடு இருக்கும். அதற்குள் ஒரு சென்சாரை விடுவார்கள். அது நிறத்தையும் அமிலத்தன்மையையும் அளந்து, வேறோர் இடத்தில் இருக்கும் இந்த டம்ளருக்கு அனுப்பும். இங்கே எல்இடி விளக்கு தண்ணீருக்கு நிறம் கொடுக்கும். டம்ளர் விளிம்பில் உள்ள மின்முனைகள் நாக்கு நுனியில் மிக மெல்லிய மின்சாரத்தைப் பாய்ச்சும். அதைத்தான் நாக்கு புளிப்பு என்று எடுத்துக்கொள்கிறது. நிஜ லெமனேடுதான் கூடுதலாகப் புளித்தது என்று குடித்துப் பார்த்தவர்கள் சொன்னார்கள். அதையும் குழு அப்படியே பதிவு செய்தது.

சரி, இந்த ஆராய்ச்சிக்கு யாரிடம் போய்ப் பணம் கேட்பது?

[திரையில்: மூன்று மூடிய கதவுகள்.]

மின்னியல் துறைக்குப் போனால், "சர்க்யூட்டில் புதிதாக என்ன இருக்கிறது?" என்பார்கள். மின்சாரம் பட்டால் நாக்கில் சுவை தெரியும் என்பது 18ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைக்கப்பட்ட விஷயம். உணவு அறிவியல் துறையில் கேட்டால், "இதில் உணவே இல்லையே" என்பார்கள். வடிவமைப்புத் துறையில் கேட்டால், "இது பொறியியல், அங்கே போங்கள்" என்பார்கள். ஒவ்வொருவரும் தங்கள் துறை அளவில் சொல்வது நியாயம்தான். ஆனால் மூன்று நியாயமும் சேர்ந்தால் டம்ளர் பிறக்கவே பிறக்காது.

ஊடாடும் டிஜிட்டல் ஊடகம் என்று சொல்கிறோமே, அதாவது நாம் ஏதாவது செய்தால் பதிலுக்கு அதுவும் ஏதாவது செய்யும் ஊடகம், அந்தக் களம் முழுவதற்கும் இதே சிக்கல் உண்டு. வீடியோ கேம், மெய்நிகர் உலகம், தொட்டால் பேசும் அருங்காட்சியகம் என்று எதை எடுத்தாலும், ஒரு துறைக்குள் அடங்குவது அரிது. தனியார் நிறுவனத்துக்கோ அடுத்த ஆண்டு விற்கிற பொருள் வேண்டும். அதனால்தான் இங்கே அரசுப் பணம் தேவைப்படுகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

சிங்கப்பூர் இதை வெளிப்படையாகவே செய்து பார்த்தது. 2006இல் அங்கே பிரதமர் அலுவலகத்தின் கீழ் தேசிய ஆராய்ச்சி அறநிறுவனம் தொடங்கப்பட்டது. முதலீடு செய்ய அது மூன்று களங்களைத் தேர்ந்தெடுத்தது: உயிர்மருத்துவம், சுற்றுச்சூழலும் நீரும், ஊடாடும் டிஜிட்டல் ஊடகம். மூன்றாவது களத்துக்கு மட்டும் 50 கோடி வெள்ளி. ஆம், சிங்கப்பூர்த் தமிழில் டாலருக்கு வெள்ளி என்றுதான் பெயர். குடிநீரும் மருந்தும் இருக்கிற வரிசையில் விளையாட்டையும் ஊடகத்தையும் ஒரு சின்னஞ்சிறு நாடு வைத்தது. இதை முதலில் படித்தபோது, மறுபடியும் ஒருமுறை படித்துத்தான் நம்பினேன்.

பணம் பல வழிகளில் போனது. புதிதாகத் தொழில் தொடங்குபவர்களுக்கு ஐ.ஜாம் என்ற திட்டத்தில் 50,000 வெள்ளி வரை கிடைத்தது. தோக்கியோவின் கெயோ பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து அமைத்த கியூட் மையம் இன்னொன்று. நம் டம்ளர் பிறந்த இடம். ஆனால் நான் கொஞ்சம் நின்று பேச விரும்புவது கேம்பிட் பற்றி.

[திரையில்: நீண்ட மேசை, பக்கத்துப் பக்கத்தில் கணினிகள், ஹெட்ஃபோன்கள்.]

கேம்பிட் என்பது சிங்கப்பூர் அரசும் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்ஐடியும் சேர்ந்து நடத்திய கேம் ஆய்வகம். 2007 முதல் ஒவ்வொரு கோடையிலும் சிங்கப்பூர் மாணவர்கள் எம்ஐடிக்குப் போவார்கள். ஒரு குழுவில் நிரல் எழுதுபவர், படம் வரைபவர், ஒலி அமைப்பவர், விளையாட்டை வடிவமைப்பவர் எல்லாரும் இருப்பார்கள். ஓர் ஆராய்ச்சிக் கேள்வியைக் கையில் கொடுத்து, கோடை முடிவதற்குள் அதை விளையாடக்கூடிய கேமாகக் கொண்டு வாருங்கள் என்பார்கள்.

முதல் கோடையில் வந்த ஒரு கேள்வி: பார்வையுள்ளவரும் பார்வையற்றவரும் ஒரே கேமைச் சமமாக விளையாட முடியுமா?

அதற்குப் பதிலாக வந்த கேம் ஆடியாடிசி. நீங்கள் ஒரு டிஜே. கையில் வீ ரிமோட், அதாவது கை அசைவை உணரும் நின்டெண்டோ கேம் கருவி. தாளத்துக்குச் சரியாகக் கையை வீசினால் ஒரு இசைத்தடம் ஏறும். அடுத்ததைப் பிடித்தால் இன்னொரு தடம். இப்படிப் பாட்டு அடுக்கடுக்காக வளரும், கூட்டம் ஆடத் தொடங்கும். திரையைப் பார்க்கவே வேண்டாம், காது போதும். ரிமோட் இல்லாதவர்கள் விசைப்பலகையிலும் ஆடலாம். இதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதியவர்கள் இருவர்: எம்ஐடியின் ஐடன் கிளினர்ட், சிங்கப்பூரில் ஒலி ஆராய்ச்சி செய்துவந்த லான்ஸ் வைஸ்.

இதில் எது கணினி அறிவியல், எது இசை, எது மாற்றுத்திறனாளிகளுக்கான வடிவமைப்பு என்று பிரித்துக் காட்டுங்கள் பார்க்கலாம். தாளம் கொஞ்சம் பிந்தினால் நிரல் எவ்வளவு பொறுத்துக்கொள்ள வேண்டும்? அந்த ஒரு எண்ணை முடிவு செய்யவே நிரலாளரும் ஒலி அமைப்பாளரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தாக வேண்டும். 'ஒத்திசைவு' என்றால் ஒருவருக்கு மில்லிவினாடி, மற்றவருக்குக் கால் தானாகத் தட்டுவது. இரண்டும் ஒன்றுதான் என்று இருவருக்கும் புரிவதற்கு நாள் பிடிக்கும். பொதுப் பணம் வாங்கித் தருவது அந்த நாட்களைத்தான். கருவிக்கும் கட்டடத்துக்கும் ஆகும் செலவு எனக்கு இரண்டாம்பட்சம்.

என் ஆதங்கமும் இங்கேதான். இப்படிப்பட்ட திட்டங்களை அரசுகள் பெரும்பாலும் வேலைவாய்ப்பு, புதிய நிறுவனம், வருமானம் என்றுதான் எண்ணிப் பார்க்கின்றன. எண்ணட்டும், மக்கள் பணம், கணக்கு வேண்டும். ஆனால் பார்வையற்ற ஒருவர் யார் உதவியும் இல்லாமல் ஒரு கேமை ஆடி முடித்ததை எந்தக் கட்டத்தில் எழுதுவது? நிரலாளரோடு பேசக் கற்றுக்கொண்ட இசைக்காரரை எந்தப் பட்டியலில் சேர்ப்பது? படிவத்தில் அதற்கும் ஓர் இடம் வேண்டும். மதிப்பீட்டுக் குழுவில் ஒவ்வொரு துறைக்கும் ஓர் ஆள் இருந்தால் மட்டும் போதாது. இரண்டு துறைகளில் காலூன்றி வேலை செய்த ஒருவராவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த மூன்று கதவுகளையும் ஒரே அறைக்குள் கொண்டுவந்து வைத்ததுபோல்தான் ஆகும்.

[திரையில்: சர்க்கஸ் வளையங்களுக்கு இடையே பறக்கும் பொம்மை.]

கேம்பிட்டின் சிங்கப்பூர்க் குழு செய்த கார்னிவேல் ஷோடைம் என்ற சர்க்கஸ் கேம், 2008இல் மைக்ரோசாஃப்ட் நடத்திய போட்டியில் பரிசு வாங்கி, அந்நிறுவனத்தின் கேம் கருவியான எக்ஸ்பாக்ஸில் விற்பனைக்கும் வந்தது. 2012இல் கேம்பிட் நிறைவடைந்தது. அதே ஆண்டு எம்ஐடி கேம் லேப் என்ற பெயரில் எம்ஐடியில் அந்த வேலை தொடர்ந்தது. கெயோவோடு அமைத்த கியூட் மையமோ சிங்கப்பூரிலேயே இயங்கிக்கொண்டிருந்தது. அந்த டம்ளரில் தண்ணீர் ஊற்றி முதல் மடக்கைக் குடித்துப் பார்க்க, அப்போது இன்னும் ஐந்து ஆண்டுகள் இருந்தன.