பாயிண்ட் 133 ரூபாய், வட்டி 3,000 ரூபாய்

நேயர்களுக்கு வணக்கம்.

கிரெடிட் கார்டு பில்லில் ‘4,000 ரிவார்டு பாயிண்ட்’ என்று அச்சாகி வந்தால், 4,000 ரூபாயே கிடைத்துவிட்ட மாதிரி ஒரு மகிழ்ச்சி வரும். உண்மையில் அது எத்தனை ரூபாய்? பேனாவும் ஒரு துண்டுக் காகிதமும் பக்கத்தில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய பேச்சில் எண்கள் கொஞ்சம் அதிகம்.

சாதாரணக் கார்டு ஒன்று. 150 ரூபாய் செலவழித்தால் 2 பாயிண்ட், ஒரு பாயிண்டுக்கு 25 காசு என்று வைத்துக்கொள்வோம். 150 ரூபாய்க்கு 50 காசு. நூறு ரூபாய்க்கு 33 காசு. அந்த 4,000 பாயிண்ட் வெறும் 1,000 ரூபாய்தான். அதைச் சேர்க்க நீங்கள் செலவழித்தது 3 லட்சம் ரூபாய். நூற்றுக்கு ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் தரும் கார்டுகளும் இருக்கின்றன. குறிப்பிட்ட ஆன்லைன் கடைகளில் ஐந்து ரூபாய் தருபவையும் உண்டு, பெரும்பாலும் மாத உச்சவரம்போடு. எதுவானாலும் இது ஒரு சிறிய தள்ளுபடி. அவ்வளவுதான்.

இப்போது எதிர்ப்பக்கத்தைப் பார்ப்போம். ஜூன் மாதம் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் செலவு மாதம். பள்ளிக்கூடம் திறக்கும். குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் விசைப்படகுக்குத் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. படகு மராமத்து அப்போதுதான் நடக்கும். ஜூன் 10-ம் தேதி கார்டில் 40,000 ரூபாய் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜூலை 5 பில் தேதி, ஜூலை 25 கடைசித் தேதி. பில்லில் இரண்டு தொகை இருக்கும். ஒன்று மொத்தத் தொகை, 40,000. இன்னொன்று மினிமம் டியூ, அதாவது குறைந்தபட்சம் கட்ட வேண்டியது, 2,000. கை சுருக்கமாக இருப்பதால் 2,000 மட்டும் கட்டுகிறீர்கள். தாமதக் கட்டணம் இல்லை, வங்கியிலிருந்து போனும் இல்லை, கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் மதிப்பெண்ணிலும் தவறிய தவணை என்று ஏறாது. எல்லாம் சரியாகப் போவதாகவே தோன்றும்.

ஆகஸ்ட் 5 பில்லில் தெரியும். மாதம் மூன்றரை சதவீதம் வட்டி, ஆண்டுக்கு 42. அந்த வட்டி ஜூலை 25-லிருந்து ஓடுவதில்லை. ஜூன் 10-லிருந்து, பொருள் வாங்கிய அன்றிலிருந்தே ஓடும். 40,000 ரூபாய்க்கு 45 நாள், அதன்பின் 38,000 ரூபாய்க்கு 11 நாள். வட்டி சுமார் 2,550 ரூபாய். வட்டிக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, அது 459. மொத்தம் ஏறத்தாழ 3,010 ரூபாய். அதே 40,000 செலவுக்குக் கிடைத்த பாயிண்டின் மதிப்பு 133 ரூபாய். அந்த 3,010 ரூபாயைப் பாயிண்ட் வழியாகத் திரும்பப் பிடிக்க வேண்டுமானால் இதே கார்டில் 9 லட்சம் ரூபாய் செலவழிக்க வேண்டும்.

இதோடு நிற்காது. பழைய பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது. நாளைக்கு 200 ரூபாய்க்கு மருந்து வாங்கினாலும் நாளையிலிருந்தே வட்டி. அதனால் பாக்கி வைத்துவிட்ட மாதத்தில் அந்தக் கார்டைத் தொடாமல் இருப்பதே நல்லது. முழுப் பாக்கியையும் கட்டி முடித்த பிறகும் அடுத்த பில்லில் ஒரு சிறு வட்டி வரும். பில் போட்ட நாளுக்கும் நீங்கள் கட்டிய நாளுக்கும் இடையில் ஓடிய வட்டி அது. ‘கட்டியாச்சே’ என்று அதைக் கவனிக்காமல் விட்டால் தாமதக் கட்டணமும் விழலாம்.

நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் இது மூன்றரை வட்டி. வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ நகைக்கடன் பெரும்பாலும் ஒரு வட்டிக்குள்ளேயே கிடைக்கும். வீட்டில் நகையை வைத்துக்கொண்டு கார்டில் பாக்கியைச் சுமப்பது போன்ற நட்டம் வேறில்லை. அடகு வைப்பது கௌரவக் குறைவு என்று நினைத்து மூன்றரை வட்டி கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கௌரவத்துக்கு விலை அதிகம். கார்டு வட்டிக்கு ஆண்டுக்கு 30 சதவீத உச்சவரம்பு வைத்த தேசிய நுகர்வோர் ஆணையத்தின் 2008-ம் ஆண்டுத் தீர்ப்பையும் உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. அந்தப் பாதுகாப்பும் இப்போது இல்லை.

ஆகவே முதல் வேலை, வங்கிச் செயலியில் பில்லுக்குத் தானாகப் பணம் போகும் ஆட்டோ பே அமைப்பைத் திறந்து பாருங்கள். அங்கே ‘டோட்டல் அமவுண்ட் டியூ’, ‘மினிமம் அமவுண்ட் டியூ’ என்று இரண்டு தேர்வு இருக்கும். இரண்டாவதைத் தேர்ந்திருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். பலருக்கும் கார்டு வாங்கும்போது ஏஜென்ட்டே எதையோ தட்டிவிட்டுப் போயிருப்பார்.

இரண்டாவது, பில் தேதி. அது வங்கி தந்த தேதி, மாற்ற முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். ரிசர்வ் வங்கியின் விதிப்படி பில் சுழற்சியை மாற்றிக்கொள்ளும் வாய்ப்பை வாடிக்கையாளருக்குக் குறைந்தது ஒரு முறையாவது தர வேண்டும். சம்பளமோ வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பும் பணமோ மாதம் 1-ம் தேதி வருகிறது என்றால், கடைசித் தேதி 5 ஆக இருப்பது நல்லது. அதற்குப் பில் தேதியை 16-ஐ ஒட்டி வைக்கச் சொல்லுங்கள். பெரிய பொருளை எந்த நாளில் வாங்குவது என்பதும் இதில் அடங்கும். பில் தேதி 16 என்றால், ஜூன் 15-ல் வாங்கியதற்கு ஜூலை 5-ல் பணம் கட்ட வேண்டும், 20 நாள். ஜூன் 17-ல் வாங்கியிருந்தால் ஆகஸ்ட் 5, 49 நாள்.

மாதச் சம்பளம் இல்லாதவர்களுக்கு இந்தக் கணக்கு சரிப்படாது. கிழக்குக் கடற்கரைத் தடைக்காலம் பொருந்தும் சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போக முடியாது. ரப்பர் தோட்டத்தில் மழை பிடித்தால் பால் வெட்டு நின்றுவிடும். நமக்கோ இரண்டு பருவமழை. வருமானம் வற்றும் மாதத்துக்கு முந்தைய பில்லோடு கார்டைப் பூட்டி வைத்துவிடலாம். செயலியிலேயே கார்டைத் தற்காலிகமாக முடக்கும் வசதி இருக்கிறது. அந்த மாதங்களில் ஏடிஎம்மில் கார்டைப் போட்டுப் பணம் எடுப்பது மிக மோசம். பல வங்கிகளில் 10,000 ரூபாய் எடுத்தாலே 500 ரூபாய் கட்டணம், 90 ரூபாய் ஜிஎஸ்டி, எடுத்த நிமிடத்திலிருந்து வட்டி. பாயிண்டும் கிடையாது.

பாயிண்ட் எங்கே கிடைக்கும், எங்கே கிடைக்காது என்பதற்கு வருவோம். பெட்ரோல், வாலட்டில் பணம் ஏற்றுவது, வீட்டு வாடகை, தவணையாக மாற்றிய செலவு, இவற்றுக்குப் பெரும்பாலான கார்டுகளில் பாயிண்ட் இல்லை. பெட்ரோலுக்குப் பிடிக்கும் ஒரு சதவீத சர்சார்ஜ் என்ற கூடுதல் கட்டணம் திரும்ப வரும், அதுவும் ஒரு முறை 400 ரூபாய்க்கு மேல் போட்டால் என்பது போன்ற வரம்போடு. அந்தச் சர்சார்ஜுக்குப் போட்ட ஜிஎஸ்டி திரும்ப வராது.

கல்யாண நகைதான் இங்கே பெரிய விஷயம். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் நகை எடுக்கும்போது, ஆயிரக்கணக்கில் பாயிண்ட் சேரும் என்று கார்டை நீட்டத் தோன்றும். மூன்று கேள்வி கேளுங்கள். கார்டில் கட்டினால் ஒன்றரை, இரண்டு சதவீதம் கூடுதலாகக் கேட்பீர்களா என்று கடையில் கேளுங்கள். கேட்பார்கள் என்றால் அங்கேயே விஷயம் முடிந்தது. உங்களுக்குக் கிடைப்பது நூற்றுக்கு 33 காசு. நகைக்கடைச் செலவுக்குப் பாயிண்ட் உண்டா என்று வங்கியில் கேளுங்கள். சில கார்டுகளில் இல்லை. பிறகு தவணையாக மாற்றிக்கொள்ளலாமா என்றும் கேளுங்கள். நகைச் செலவைப் பெரும்பாலான வங்கிகள் தவணையாக மாற்றித் தருவதில்லை. இது தெரியாமல் 2 லட்சத்தைத் தேய்த்துவிட்டு, பில் வந்த பிறகு தவணை கேட்டு அலைவது கல்யாண வீட்டில் வரக்கூடாத தலைவலி.

வளைகுடாவில் வேலை செய்கிறவர்கள் இந்தியக் கார்டை அங்கே பயன்படுத்தினால் பல கார்டுகளில் 3.5 சதவீத அந்நியச் செலாவணிக் கட்டணமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் சேர்ந்து 4.13 சதவீதம் போகும். கடை மெஷின் ‘ரூபாயிலா, திர்ஹாமிலா’ என்று கேட்டால் திர்ஹாம் என்றே அழுத்துங்கள். ரூபாயை அழுத்தினால் மாற்று விகிதத்தை அந்த மெஷின்காரர் முடிவு செய்வார், பெரும்பாலும் உங்களுக்கு நட்டமாக.

சேர்ந்த பாயிண்டை மாற்றும்போதும் கவனம் வேண்டும். ஒரே பாயிண்ட் பில்லில் கழித்தால் ஒரு விலை, விமான டிக்கெட்டுக்கு ஒரு விலை, பொருள் பட்டியலில் ஒரு விலை. பட்டியலில் மிக்சி எடுப்பதற்கு முன் அதே மாடல் கடையில் என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள். பட்டியலில் பெரும்பாலும் எம்ஆர்பி விலைதான் இருக்கும். பல வங்கிகள் ஒவ்வொரு முறை மாற்றவும் 99 ரூபாயும் ஜிஎஸ்டியும் பிடிக்கின்றன, சுமார் 117 ரூபாய். 2,000 பாயிண்டை மாற்றினால் வரும் 500 ரூபாயில் கிட்டத்தட்ட கால்வாசி அதிலேயே போய்விடும். சேர்த்து வைத்து ஒரே தடவையில் மாற்றுங்கள். பல கார்டுகளில் இரண்டு, மூன்று ஆண்டில் பாயிண்ட் காலாவதியாகும். அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

ஆண்டுக் கட்டணம் 499 ரூபாய் தள்ளுபடியாக இன்னும் 20,000 ரூபாய் செலவழிக்க வேண்டும் என்று வரும் குறுஞ்செய்திக்கு மயங்காதீர்கள். வேண்டாத பொருளை வாங்குவதைவிட 499-ஐக் கட்டுவது லாபம்.

‘உங்கள் 9,850 பாயிண்ட் இன்று இரவு காலாவதி, உடனே இந்தச் செயலியை இறக்குங்கள்’ என்று வாட்ஸ்அப்பில் வந்தால் அது மோசடி. எந்த வங்கியும் பாயிண்டுக்காக ஏபிகே எனும் செயலிக் கோப்பை அனுப்பாது. அந்தக் கோப்பு உள்ளே போனால் உங்கள் ஓடிபி குறுஞ்செய்திகள் அவர்கள் கைக்குப் போகும். தெரியாமல் தட்டிவிட்டால் முதலில் கார்டை முடக்குங்கள், அடுத்து சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள். வெட்கப்பட்டுத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கைமாறிக்கொண்டே இருக்கும்.

கார்டே வேண்டாம் என்று முடிவு செய்தவர்களுக்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் பாயிண்டை மாற்றிவிடுங்கள், மூடிய பிறகு அது போய்விடும். பாக்கியை முழுவதும் கட்டிவிட்டு எழுத்தில் கோரிக்கை கொடுங்கள். ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். பாக்கி இல்லாதபோது தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வீதம் வங்கி உங்களுக்குத் தர வேண்டும். மூடியதற்கான கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு, ஓரிரு மாதம் கழித்து சிபில் அறிக்கையில் அந்தக் கணக்கு மூடியதாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கை இலவசம். புகார் கொடுத்து 30 நாளாகியும் வங்கி பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். இணைய முகவரி சிஎம்எஸ் டாட் ஆர்பிஐ டாட் ஓஆர்ஜி டாட் இன். தொலைபேசி எண் 14448. மறுபடியும் சொல்கிறேன், ஒன்று நான்கு நான்கு நான்கு எட்டு. வணக்கம்.