அணு உலைக்கு ஓய்வு கொடுத்த பிறகு

வானொலி நேயர்களுக்கு என் அன்பான வணக்கம். ஓர் அணுமின் நிலையம் வரப்போகிறது என்றால், அது எத்தனை மெகாவாட் மின்சாரம் தரும், எப்போது இயங்கத் தொடங்கும் என்பவற்றையே நாம் பெரும்பாலும் கேட்கிறோம். மின் உற்பத்தி நின்ற பிறகு அந்த உலையை யார் பிரிப்பார்கள், கதிரியக்கக் கழிவை எங்கே வைப்பார்கள், அதற்கான பணம் யார் பொறுப்பில் இருக்கும் என்ற கேள்விகள் கடைசியில்தான் எழுகின்றன. அடிக்கல் நாட்டுவதற்கு முன்பே இவற்றுக்கான விடைகள் எழுத்தில் இருந்தாக வேண்டும் என்பதே இன்று நான் உங்கள் முன் வைக்கும் கருத்து.

உலையை நிறுத்தியதும் நடக்கும் முதல் பெரிய வேலை, பயன்படுத்திய எரிபொருளை வெளியே எடுப்பது. நிலையத்தில் உள்ள கதிரியக்கத்தில் ஏறத்தாழ 99 சதவீதம் அந்த எரிபொருளோடு வெளியேறிவிடும். எஞ்சியிருக்கும் சிறு பகுதிதான் பிரிக்கும் வேலையைக் கடினமாக்குகிறது. அணுக்கள் பிளக்கும்போது வெளிப்படும் நியூட்ரான் துகள்கள் ஆண்டுக்கணக்கில் மோதியதால், எரிபொருளை உள்ளடக்கியிருந்த அழுத்தக் கலனின் எஃகும் அதைச் சூழ்ந்த காங்கிரீட்டின் உட்பகுதியும் தாமே கதிரியக்கம் உடையனவாக மாறியிருக்கும். குறிப்பாக, எஃகில் மிகச் சிறிதளவே கலந்திருக்கும் கோபால்ட், நியூட்ரானை ஏற்றுக் கோபால்ட்-60 என்னும் கதிரியக்க வடிவமாகிவிடுகிறது. அது வெளியிடும் காமா கதிர்களுக்கு அஞ்சித்தான், கலனுக்குள் இருக்கும் பாகங்களை நீருக்கு அடியிலேயே வைத்து, தொலைவிலிருந்து இயக்கும் கருவிகளால் துண்டு துண்டாக அறுக்கிறார்கள். அங்கே தண்ணீரே கவசம். உலையை வடிவமைக்கும்போதே கோபால்ட் குறைந்த எஃகைத் தேர்ந்தெடுத்துவிட்டால், நாற்பது ஐம்பது ஆண்டுகள் கழித்து அதை அறுக்க வரும் தொழிலாளி ஏற்கும் கதிர்வீச்சு குறைந்துவிடும். அந்தத் தொழிலாளி அப்போது பிறந்திருக்கக்கூட மாட்டார். ஆனாலும் அவருடைய பாதுகாப்பு அந்த வரைபட மேசையில்தான் தீர்மானமாகிறது.

உடனே பிரிப்பதா, பூட்டிவைத்துப் பல பத்தாண்டுகள் காத்திருப்பதா என்பது அடுத்த கேள்வி. கோபால்ட்-60இன் அரை ஆயுள், அதாவது அதன் அளவு பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 5.3 ஆண்டுகள் என்பதால், 50 ஆண்டுகள் பொறுத்தால் அதன் அளவு ஆயிரத்தில் இரண்டு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். காத்திருப்பதற்குச் சொல்லப்படும் வலுவான காரணம் இதுதான். ஆனால் அதற்குள் அந்த நிலையத்தை இயக்கியவர்கள் எல்லோரும் ஓய்வு பெற்றிருப்பார்கள். எந்தக் குழாயில் எந்த ஆண்டு கசிவு ஏற்பட்டது, எந்தச் சுவருக்குப் பின்னால் பழைய இணைப்பு மறைந்திருக்கிறது என்பவை வரைபடங்களில் முழுமையாக ஏறுவதில்லை. அவை பணியாளர்களின் நினைவில் இருக்கின்றன. கதிர்வீச்சைச் சமாளிக்கக் கருவிகள் உண்டு, இழந்த நினைவை மீட்கக் கருவி இல்லை. எனவே, கழிவுக்குப் போக்கிடம் தயாராக இருக்குமானால், உடனே பிரிப்பதே நல்லது என்பது என் கருத்து.

பணத்தைப் பொறுத்தவரை விதி எளிமையானது: நிலையம் மின்சாரம் விற்றுக்கொண்டிருக்கும்போதே, நிறுவனம் தொட முடியாத தனி நிதியில் அதைச் சேர்த்துவிட வேண்டும். ஜெர்மனியில் 2017ஆம் ஆண்டு மின் நிறுவனங்கள் கழிவுச் சேமிப்புக்காகச் சுமார் 24 பில்லியன் யூரோவை அரசின் நிதியத்திடம் ஒப்படைத்தன. உலைகளைப் பிரிக்கும் செலவு நிறுவனங்களிடமே நின்றது. கழிவின் நீண்டகாலப் பொறுப்பும், பணம் போதாவிட்டால் ஏற்படும் சுமையும் அரசிடம், அதாவது மக்களிடம் வந்து சேர்ந்தன.

இனிக் கழிவு. கன அளவில் பெரும்பகுதி குறைந்த கதிரியக்கம் கொண்டது. அதை மண்ணின் மேற்பரப்பை ஒட்டி அமைத்த கட்டுமானங்களில் வைத்துக் காக்க முடியும். கடினமானது பயன்படுத்திய எரிபொருள்தான். அதில் உள்ள புளூட்டோனியம்-239இன் அரை ஆயுள் மட்டும் சுமார் 24,000 ஆண்டுகள். எந்த அரசும், எந்தக் காவலும் அவ்வளவு காலம் நீடிக்கும் என்று யாராலும் உறுதி தர முடியாது. ஆகவேதான் காவல் தேவைப்படாத ஆழத்தில், நிலையான பாறைக்குள் அதை வைக்க வேண்டும் என்று வல்லுநர்கள் பரவலாகக் கருதுகிறார்கள்.

பின்லாந்து இதில் முன்னே நிற்கிறது. அந்நாட்டின் முதல் அணுமின் உலை இயங்கத் தொடங்கியது 1977இல். புதைவிடத்துக்கான கால அட்டவணையை அரசு 1983லேயே வகுத்துவிட்டது. ஒல்கிலுவோட்டோ என்னும் தீவில், 400 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், ஓன்கலோ என்ற சுரங்க வளாகத்தைக் குடைந்திருக்கிறார்கள். எரிபொருளை வார்ப்பிரும்புக் கூட்டில் வைத்து, சுமார் 5 சென்டிமீட்டர் தடிப்புள்ள செப்புக் கலனில் அடைத்து, சுற்றிலும் பென்டோனைட் களிமண்ணை நிரப்புவது அவர்கள் முறை. நீர் பட்டால் அந்தக் களிமண் உப்பி இடைவெளிகளை அடைத்துக்கொள்ளும். ஒன்று தவறினாலும் அடுத்தது தடுக்கும். பொறியியலுக்கு நிகராக நான் மதிப்பது வேறொன்று: உள்ளூர் நகராட்சி மறுத்தால் திட்டமே நின்றுவிடும் என்பது அங்கே சட்டம். அந்த நகராட்சி 2000இல் சம்மதித்த பிறகே நாடாளுமன்றம் 2001இல் ஒப்புதல் தந்தது.

அவசரத்தில் செய்ததற்கு ஜெர்மனியின் ஆஸ்ஸே சான்று. பழைய உப்புச் சுரங்கம் ஒன்றில் 1967 முதல் 1978 வரை சுமார் 1,26,000 கழிவுப் பீப்பாய்களை இறக்கினார்கள். சுரங்கத்துக்குள் தண்ணீர் கசியத் தொடங்கியது, பாறை அசைந்தது. எல்லாவற்றையும் மீண்டும் வெளியே எடுக்க வேண்டும் என்று 2013இல் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. இறக்கியதைவிட எடுப்பது பல மடங்கு கடினம்.

அமெரிக்காவின் மெய்ன் யாங்கி நிலையத்தின் நிலை வேறு. அது 1997இல் மூடப்பட்டு, 2005க்குள் முறையாகப் பிரித்து அகற்றப்பட்டது. உலை, கட்டடங்கள் எல்லாம் போய்விட்டன. ஆனால் எரிபொருள் மட்டும் காங்கிரீட்டும் எஃகுமான 60 கொள்கலன்களில், ஆயுதக் காவலோடு அங்கேயே நிற்கிறது. 1998 ஜனவரி 31 முதல் அதை ஏற்றுக்கொள்வதாக ஒப்பந்தம் செய்திருந்த அரசிடம் இன்றுவரை புதைவிடம் இல்லை. அந்தத் தவறுக்கு நீதிமன்றத் தீர்ப்புகளின்படி அரசு இழப்பீடு கொடுத்துவருகிறது. புதிய நிலையத்துக்கான அறிக்கை மக்கள் பார்வைக்கு வரும்போது, எரிபொருள் எந்த இடத்துக்கு, எந்த ஆண்டு, எந்த நிதியிலிருந்து போகும் என்று எழுதியிருக்கிறதா என அந்தப் பக்கத்தைத் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் உரிமம் வழங்கும் அதிகாரியிடம் எழுத்து மூலம் கேளுங்கள். வணக்கம்.