ஜாவா ஜெனரிக்ஸ்: ரிஃப்ளெக்‌ஷனுக்கு எது தெரியும், எது தெரியாது?

வணக்கம் நண்பர்களே. ஜெனரிக்ஸ் என்றால், லிஸ்ட் போன்றவற்றுக்குள் எந்த டைப் போகும் என்று கோடிலேயே குறிப்பது. ரிஃப்ளெக்‌ஷன் என்றால், ஓடும் புரோகிராம் தன் கிளாஸ்களைத் தானே ஆராய்வது. இனி நேராகக் கோடுக்குப் போய்விடலாம். ஸ்கிரீனில் இரண்டு அர்ரேலிஸ்ட் இருக்கிறது பாருங்கள். ஒன்றில் ஸ்ட்ரிங், இன்னொன்றில் இன்டிஜர். இரண்டிலும் கெட்கிளாஸ் கூப்பிட்டு ஒப்பிடுகிறேன். ட்ரூ! ஓடும் நேரத்தில் இரண்டுக்கும் ஒரே கிளாஸ்தான். கம்பைலர் டைப்பைச் சரிபார்த்து முடித்ததும் அழித்துவிடுகிறது. இதுதான் டைப் இரேஷர். 2004-இல் ஜாவா 5 வந்தபோது, பழைய கோடு உடையாமல் ஓட வேண்டுமே என்று எடுத்த முடிவு.

சரி, அப்படியென்றால் ரிஃப்ளெக்‌ஷனால் ஒன்றுமே செய்ய முடியாதா? முடியாது என்றுதான் பல இடங்களில் சொல்லித்தருகிறார்கள். அது பாதி உண்மை. ஆப்ஜெக்டுக்குத்தான் தன் டைப் தெரியாது. ஆனால் ஃபீல்டு, மெத்தட், சூப்பர்கிளாஸ் ஆகியவற்றை அறிவிக்கும்போது நீங்கள் எழுதிய டைப், கிளாஸ் ஃபைலில் சிக்னேச்சர் என்ற அட்ரிபியூட்டில் பத்திரமாக இருக்கிறது.

லிஸ்ட் ஆஃப் ஸ்ட்ரிங் என்று அறிவித்த இந்த ஃபீல்டை எடுத்து கெட்ஜெனரிக்டைப் கூப்பிடுகிறேன். வருவதை பாராமீட்டரைஸ்டுடைப்பாக காஸ்ட் செய்து, கெட்ஆக்சுவல்டைப்ஆர்கியுமென்ட்ஸ் கேட்டால்... இதோ, ஸ்ட்ரிங்! லோக்கல் வேரியபிளுக்கு மட்டும் இந்த வழி கிடையாது.

ஜேசான் டேட்டாவை ஜாவா ஆப்ஜெக்டாக மாற்றித்தரும் ஜிசான் லைப்ரரியில், லிஸ்ட் ஆஃப் யூசர் வேண்டும் என்று சொல்ல டைப்டோக்கன் எழுதும்போது கடைசியில் காலியாக ஒரு ஜோடி சுருள் அடைப்புக்குறி போடுவோமே, அது சும்மா இல்லை. அங்கே பெயரில்லாத ஒரு சப்கிளாஸ் பிறக்கிறது. அதன் சூப்பர்கிளாஸ் சிக்னேச்சரில் லிஸ்ட் ஆஃப் யூசர் என்று முழுசாகப் பதிவாகிவிடும். ஜிசான் கெட்ஜெனரிக்சூப்பர்கிளாஸ் வழியாக அதைப் படித்துக்கொள்கிறது. ரொம்பக் குறும்பான யோசனை, எனக்குப் பிடித்ததும் இதுதான். ஆனால் அதே வரியை ஒரு ஜெனரிக் மெத்தடுக்குள், டைப்புக்குப் பதிலாக நிற்கும் டி என்ற எழுத்தை வைத்து லிஸ்ட் ஆஃப் டி என்று எழுதினால், பதிவாவதும் வெறும் டி-தான். யூசர் வராது.

சி ஷார்ப்காரர்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை. டாட்நெட்டில் டைப் ஓடும் நேரத்திலும் உயிரோடு இருக்கும். மேக்ஜெனரிக்டைப் கூப்பிட்டு லிஸ்டின் டைப்பை உருவாக்கி, ஆப்ஜெக்ட் படைக்கும் ஆக்டிவேட்டர் கிளாஸிடம் கொடுத்தால் புது லிஸ்டே கையில் வந்துவிடும்.

அப்புறம், ஆண்ட்ராய்டில் வேலை செய்பவர்கள் கவனியுங்கள். ரிலீஸ் பில்டில், கோடைச் சுருக்கும் ஆர்8 என்ற டூல் இந்தச் சிக்னேச்சர் அட்ரிபியூட்டை நீக்கிவிடலாம். டீபக்கில் ஓடிய ஜேசான் பார்சிங் ரிலீஸில் மட்டும் விழுந்தால், முதலில் கீப்அட்ரிபியூட்ஸ் விதியில் சிக்னேச்சர் இருக்கிறதா என்று பாருங்கள்.