அட்டையைத் தட்டாத இரண்டு நாள்

நேயர்களுக்கு வணக்கம். பத்து நிமிடம் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு தம்பி கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மூன்று தாளில் குறிப்பு எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். மூன்றாவது தாளுக்கு வந்து சேருவேனா என்பது எனக்குச் சந்தேகம். என் மனைவிக்குச் சந்தேகமே இல்லை. சேரமாட்டேன் என்று காலையிலேயே சொல்லிவிட்டாள்.

நான் குடியிருப்பது செம்பவாங்கில். சிங்கப்பூரின் வடகோடி. அதற்கப்பால் கடல், கடலுக்கப்பால் மலேசியாவின் ஜொகூர். காலை ஏழு மணிக்கு எங்கள் நிலையத்து நடைமேடையில் நின்றவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. கதவு திறக்கும், உட்கார இடம் இருக்காது. முன்னால் நிற்பவருடைய முதுகுப்பையை மூக்கால் தாங்கிக்கொண்டு முக்கால் மணி நேரம் நகரத்துக்குப் போவோம். மாலையில் அதே முதுகுப்பை, அதே மூக்கு. 1996 பிப்ரவரியில் அந்த நிலையம் திறந்த நாளிலிருந்து ஓய்வுபெறும் வரை நான் இப்படித்தான் போய்வந்தேன். இருட்டோடு கிளம்பி இருட்டோடு திரும்பியதில் சொந்த வட்டாரத்தை வெயிலில் பார்ப்பதே அபூர்வமாகிவிட்டது. எதிர் அடுக்குமாடிப் புளோக்குக்கு என்ன வண்ணம் அடித்திருக்கிறார்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

சரி, வார இறுதி இல்லையா என்பீர்கள். முன்பெல்லாம் சனிக்கிழமை அரைநாள் வேலை. மூத்த நேயர்களுக்கு நினைவிருக்கும். அந்த அரைநாள் ஒரு நாளையே தின்றுவிடும். 2004-ஆம் ஆண்டு தேசிய தினப் பேரணி உரையில் அன்றைய பிரதமர் திரு. லீ சியன் லூங் அரசாங்க ஊழியர்களுக்கு ஐந்து நாள் வேலை என்று அறிவித்தபோது, எழுத்தர்கள் நாங்கள் மறுநாள் அலுவலகத்தில் ஒருவருக்கொருவர் கைகுலுக்கிக்கொண்டோம். கிடைத்த சனிக்கிழமையை என்ன செய்தோம்? மறுபடியும் நிலையத்து வாயிலில் பயண அட்டையைத் தட்டி ரயில் ஏறினோம். சனிக்கிழமை ஆர்ச்சர்ட் சாலைக் கடைகள், ஞாயிற்றுக்கிழமை தேக்கா, அதாவது லிட்டில் இந்தியா. ஓய்வெடுக்கப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டு, வேலைக்குப் போகும் அதே பாதையில் போனோம்.

நான் திருந்தியது ஒரு தொலைந்த அட்டையால்தான். ஒரு வெள்ளிக்கிழமை இரவு வீட்டுக்கு வந்தபின் என் பயண அட்டையைக் காணவில்லை. சட்டைப்பை, கால்சட்டைப்பை, மேசை, மனைவியின் கைப்பை, எதிலும் இல்லை. சனிக்கிழமை விடிந்ததும், "நிலையத்துக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்குங்கள்" என்றாள் மனைவி. எனக்கு என்ன தோன்றியதோ, "வேண்டாம், இரண்டு நாள் கால் போகும் இடத்துக்கு மட்டும் போவோம்" என்றேன். அட்டை திங்கட்கிழமை காலை சலவை இயந்திரத்தின் அடியில் கிடைத்தது. அதற்குள் வீட்டில் ஒரு விதி உண்டாகிவிட்டது: சனி, ஞாயிறு அட்டையைத் தட்டக் கூடாது. பேருந்திலும் கூடாது, ரயிலிலும் கூடாது. இரண்டொரு முறை மீறியிருக்கிறேன். ஒரு முறை மழை, ஒரு முறை மனைவியின் முழங்கால். மற்றபடி இன்றுவரை அதுதான் விதி.

இப்போது முட்டைக்கு வருகிறேன். வந்துதான் ஆக வேண்டும். என்னைத் தெரிந்தவர்கள் இந்நேரம் வானொலிப் பெட்டிக்கு முன்னால் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

செம்பவாங்கில் ஒரு வெந்நீர் ஊற்று இருக்கிறது. கேன்பரா ரயில் நிலையத்திலிருந்து இருபது நிமிட நடை. அறியாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அதனால்தான் சொல்கிறேன். எரிமலையே இல்லாத இந்தத் தீவில், பூமிக்குள்ளிருந்து ஏறத்தாழ 70 டிகிரி சூட்டில் தண்ணீர் வருகிறது. அந்தக் காலத்தில் பக்கத்தில் இருந்த கிராமத்துக்கு மலாயில் கம்போங் ஆயர் பானாஸ் என்று பெயர், வெந்நீர்க் கிராமம். 1920-களில் ஃபிரேசர் அண்ட் நீவ் நிறுவனத்தார் இந்தத் தண்ணீரைப் புட்டியில் அடைத்து விற்றார்கள். பிறகு அந்த இடம் ராணுவ நிலத்துக்குள் போனது. எனக்கு முதலில் தெரிந்தபோது அது வேலிக்கு நடுவே ஒரு நீண்ட சந்து, அதன் கடைசியில் ஒரு சிமெண்டுத் தரை, சில குழாய்கள், ஆளுக்கொரு பிளாஸ்டிக் வாளி. மூட்டுவலிக்காரர்கள் வாளியில் காலை விட்டுக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். கப்பல் பட்டறையில் வேலை செய்த என் தந்தையும் கடைசிக் காலத்தில் அப்படி உட்கார்ந்தவர்தான். 2020 ஜனவரியில் தேசியப் பூங்காக் கழகம் அதைப் பூங்காவாக்கித் திறந்தது. கால் நனைக்கப் படிப்படியாக இறங்கும் தொட்டிகள் கட்டினார்கள். முட்டை வேகவைக்கத் தனி இடமும் வைத்தார்கள். முட்டை வேகவைக்க அரசாங்கம் இடம் ஒதுக்கியிருக்கிறது, நேயர்களே! இதைக் கேட்டபிறகு ஒருவர் சனிக்கிழமை தேக்காவுக்குப் போவாரா?

முதல் தடவை நாங்கள் ஐந்து முட்டைகளை வெங்காய வலைப்பையில் போட்டு எடுத்துப் போனோம். "வீட்டில் அடுப்பு இல்லையா?" என்று மனைவி வழி முழுக்கக் கேட்டாள். அது நியாயமான கேள்வி, என்னிடம் பதில் இல்லை. பையை வெந்நீரில் விட்டுவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். வீட்டுக் கணக்கு எட்டு நிமிடம். தாராளமாகப் பன்னிரண்டு விட்டு ஒன்றை எடுத்து உடைத்தேன். அது முட்டையாகவே இல்லை, கஞ்சியாக இருந்தது. விரல் வழியாக வழிந்து முழங்கை வரை போய், அங்கிருந்து புதுச் சட்டைக்கு இறங்கியது.

பக்கத்தில் ஒரு சீன மூதாட்டி. மடியில் சமையலறைக் கடிகாரம், காலடியில் மூடிபோட்ட சின்னச் சின்ன டப்பாக்கள். ஒன்றில் சோயா சாறு, ஒன்றில் வெள்ளை மிளகுத்தூள். என் சட்டையைப் பார்த்தார். சிரிக்கவில்லை, அதுதான் அவருடைய பெருந்தன்மை. "பெலும், அங்கிள், பெலும்" என்றார். இன்னும் ஆகவில்லை. இருபது நிமிடத்தில் நான் கையை நீட்டினேன். "பெலும்." முப்பதாவது நிமிடத்திலும் அதே சொல். எனக்குத் தெரிந்த மலாயும் அவருக்குத் தெரிந்த மலாயும் பழைய கப்பல்தளத்து மலாய். அதில் அவருடைய பேரப்பிள்ளைகள், என் பணி ஓய்வு, என் மனைவியின் முழங்கால் எல்லாம் பேசி முடித்தோம். நாற்பத்தைந்தாவது நிமிடத்தில் அவரே ஒரு முட்டையை எடுத்து என் கையில் வைத்தார்.

உடைத்துப் பார்த்தால் அதிசயம். மஞ்சள் கரு மெழுகுபோலத் திரண்டிருந்தது, வெள்ளை தளதளவென்று தயிர்போல ஆடியது. கோப்பிக்கடையில் காயா ஜாம் தடவிய ரொட்டியோடு தருகிற அரைவேக்காட்டு முட்டையில் என்ன பார்ப்போம்? மஞ்சள் ஓடும், வெள்ளை கொஞ்சமாவது இறுகியிருக்கும். இங்கே அப்படியே தலைகீழ். காரணத்தைப் பிறகு தெரிந்துகொண்டேன். மஞ்சள் கரு 65, 70 டிகிரியிலேயே இறுகிவிடும். வெள்ளை முழுவதும் இறுக 80 டிகிரியாவது வேண்டும். கொதிக்கிற தண்ணீரில் சூடு வெளியிலிருந்து அவசரமாக ஏறுவதால் வெள்ளை முந்திக்கொள்கிறது. ஊற்றுத் தண்ணீருக்கு அந்த அவசரம் கிடையாது. அதன் சூடு மஞ்சளுக்குப் போதும், வெள்ளைக்குப் போதாது. மூதாட்டியிடம் இதை விளக்க முயன்றேன். என் மலாய் அவ்வளவு தூரம் வரவில்லை. சோயா சாற்றை இரண்டு சொட்டு விட்டு, "மாக்கான்" என்றார். சாப்பிட்டேன்.

மனைவி இரண்டு சாப்பிட்டாள். அடுப்பைப் பற்றி அதற்குப்பின் பேச்சில்லை. இப்போது சனிக்கிழமை என்றால் முட்டையை அவளே எடுத்து வைக்கிறாள்.

தம்பி கடிகாரத்தைக் காட்டுகிறார். பரவாயில்லை, இரண்டாவது தாளுக்கு வந்துவிட்டேன்.

தெருப் பெயர்கள். அட்டையைத் தட்டாமல் நடப்பவர்களுக்கு எங்கள் வட்டாரம் ஒரு உலகப் பயணம். 1938-இல் பிரிட்டிஷ்காரர்கள் இங்கே பெரிய கடற்படைத் தளம் திறந்தார்கள். அதன் தெருக்களுக்குத் தங்கள் பேரரசின் ஊர்களையெல்லாம் பெயராக வைத்துவிட்டுப் போனார்கள். கேன்பரா, மாண்ட்ரியல், வெலிங்டன், ஜிப்ரால்டர், பெர்முடா, டர்பன். ரொட்டி வாங்க கேன்பராவுக்கும் முடி வெட்ட மாண்ட்ரியலுக்கும் போகிறவன் நான். விமானச் சீட்டும் வேண்டாம், பயண அட்டையும் வேண்டாம். தளத்தின் கப்பல்துறை 1968-இல் செம்பவாங் கப்பல் பட்டறையாக மாறியது. பெயர்கள் மாறவில்லை. செம்பவாங் என்ற பெயரையும் சொல்லிவிடுகிறேன். நம்மவர்கள் சிலர் அதைச் செம்பவளத்தோடு சேர்த்துப் பார்க்கிறார்கள். நல்ல கற்பனை, ஆனால் உண்மை இல்லை. அது ஒரு மரத்தின் மலாய்ப் பெயர். செம்பவாங் பூங்காவுக்குப் போனால் மரத்தையே பார்க்கலாம். இலங்கையின் தேசிய மரமான நாகமரத்துக்குச் சொந்தக்கார மரம்.

அந்தத் தெருக்களில் நடக்கத் தொடங்கியபின் அக்கம்பக்கத்து ஆட்களும் தெரிய ஆரம்பித்தார்கள். மின்தூக்கியில் பத்தாண்டுகளாக ஒன்றாக ஏறி இறங்கியும் பெயர் தெரியாத ஒருவர், ஏழாவது மாடிக்காரர். ஒரு சனிக்கிழமை காலை உணவங்காடி நிலையத்தில் எனக்கு எதிரே தட்டோடு வந்து நின்றார். வேறு மேசை காலியாக இல்லை. உட்காரச் சொன்னேன். நான் வேலைக்குப் போன காலத்தில் அவரும் செம்பவாங் நிலையத்தில்தான் காலை ஏழு மணிக்கு ஏறினாராம், எனக்கு இரண்டு பெட்டி தள்ளி. அந்த முதுகுப்பை அவருடையதாகக்கூட இருந்திருக்கலாம். கேட்கவில்லை.

தம்பி இரண்டு விரல் காட்டுகிறார். மூன்றாவது தாள் முழுக்க ஞாயிற்றுக்கிழமை. என் மனைவி சொன்னது பலித்துவிட்டது. வேகமாகச் சொல்கிறேன். காலையில் பக்கத்து வட்டாரமான ஈசூன் பக்கம் நடந்தால் புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம். ஒரு காலத்தில் கேன்பரா ரோட்டுப் பக்கம், கப்பல்தளத் தொழிலாளர்கள் மரத்தடியில் வைத்துக் கும்பிட்ட முருகன். என் தந்தை அந்த மரத்தடியை அறிந்தவர். அதற்கே தனியாக ஒரு பத்து நிமிடம் வேண்டும், கொடுத்தால் மறுபடி வருகிறேன். மாலையில் செம்பவாங் பூங்கா, வீட்டிலிருந்து முக்கால் மணி நேர நடை. கடற்கரையில் பழைய படகுத்துறை. நண்டு வலை போடுகிறவர்கள், தூண்டில்காரர்கள், எதிர்க்கரையில் ஜொகூரின் பாசிர் கூடாங் விளக்குகள். ஆறரை மணிக்கு அங்கே இருங்கள், ஏழே கால் வரை எழுந்துவிடாதீர்கள். ஏன் என்று சொல்ல நேரமில்லை.

ஒரு விரல். சரி, சரி. வெந்நீர் ஊற்றுக்குப் போகிறவர்கள் உப்பும் மிளகும் வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். முட்டை ஓடுகளைத் திரும்ப எடுத்து வாருங்கள். நாற்பத்தைந்து நிமிடம், அதற்கு முன்னால் உடைக்காதீர்கள். வணக்கம்.