பெட்டிக்குள் கேமரா, சீட்டில் துப்பாக்கி

நேயர்களுக்கு வணக்கம். வெளிநாட்டிலிருந்து கேமரா சாமான் வரவழைக்கிறவர்கள் இரண்டு பேர் சந்தித்தால், பேச்சு லென்ஸில் தொடங்கும். காபி வருவதற்குள் சுங்கத்துக்குப் போய்விடும்.

பார்சல் வந்ததும் அதிகாரியின் கண்ணில் முதலில் படுவது பெட்டியின் மேல் ஒட்டிய சுங்க அறிவிப்புச் சீட்டு. விற்றவர் அவசரமாகக் கிறுக்கிய இரண்டு மூன்று சொற்கள் அதில் இருக்கும். உங்கள் பொருளின் ஜாதகம் அவ்வளவுதான்.

என் நண்பர் ஒருவருக்குப் பழைய சோவியத் கேமராக்கள் மேல் பைத்தியம். உக்ரைனில் ஒருவரிடம் போட்டோஸ்னைப்பர் வாங்கினார். ஜெனிட் கேமராவையும் 300 மில்லிமீட்டர் லென்ஸையும் துப்பாக்கிக் கட்டை மாதிரி ஒரு தாங்கியில் பூட்டியிருப்பார்கள். தோளில் முட்டுக்கொடுத்து விசையை இழுத்தால் படம் விழும். 1965இலிருந்து பல ஆண்டுகள் இதை விற்றிருக்கிறார்கள். அனுப்பிய மனிதர் சீட்டில் 'போட்டோ கன்' என்று எழுதிவிட்டார். எக்ஸ்ரே திரையில் பார்த்தாலும் கைப்பிடி, விசை, நீளக் குழல். அப்புறம் என்ன, நேரில் வந்து விளக்கச் சொல்லிக் கடிதம் வந்தது.

நண்பர் போனார். மேசையைச் சுற்றி நாலு பேர். பின்மூடியைத் திறந்து ஃபிலிம் ஓடும் பாதையைக் காட்டினார், ஷட்டரை ஏற்றிக் கொடுத்தார். பெரிய அதிகாரி வாங்கித் தோளில் வைத்து, ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைக் குறிபார்த்து விசையை இழுத்தார். 'டக்.' "இவ்வளவுதானா சார்?" என்றாராம், கொஞ்சம் ஏமாற்றத்தோடு. அதற்குப் பிறகு அலுவலகமே ஆளுக்கொரு முறை சுட்டுப் பார்த்தது. ஒவ்வொருவருக்கும் நண்பர் ஷட்டரை ஏற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். வரி மட்டும் ஒரு பைசா குறையவில்லை.

கேமராத் தொழிலின் பெயர்களும் சும்மா இருப்பதில்லை. ஷாட்கன் மைக் (நீளக் குழல் மைக்), ட்ரிகர் (ஃப்ளாஷை இயக்கும் கருவி), ஃபிலிம் மேகசின் (ஃபிலிம் பெட்டி) மூன்றையும் ஒரே சீட்டில் எழுதினால் யாராக இருந்தாலும் பெட்டியைப் பிரிக்கத்தான் செய்வார்கள். வெறும் 'லென்ஸ்' என்று எழுதினாலும் சிக்கல். சுங்க அட்டவணையில் ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் ஓர் எண் உண்டு. மூக்குக் கண்ணாடி லென்ஸும் கான்டாக்ட் லென்ஸும் 9001. கேமராவில் மாட்டும் லென்ஸ் 9002. ஃபிலிம் கேமரா 9006. டிஜிட்டல் கேமராவோ அந்தப் பக்கமே இல்லை, 8525இல் தொலைக்காட்சிக் கேமராக்களோடு உட்கார்ந்திருக்கிறது.

விற்பவர்கள் செய்யும் 'உதவி' இன்னொரு வேடிக்கை. கேட்காமலே 'அன்பளிப்பு, 20 டாலர்' என்று எழுதிவிட்டு, அதே பார்சலை 600 டாலருக்கு இன்ஷூர் செய்திருப்பார்கள். இரண்டு எண்ணும் ஒரே பெட்டியில், பக்கத்துப் பக்கத்தில்! இந்தியாவில் 2019 டிசம்பரில் தபால், கூரியர் வழியாக அன்பளிப்பு என்ற பெயரில் வரி கட்டாமல் பொருள் வரவழைப்பதையே தடை செய்தார்கள். விலக்கு இரண்டுக்குத்தான்: உயிர்காக்கும் மருந்து, ராக்கிக் கயிறு. ஒரு கிலோ டெலிபோட்டோ லென்ஸை ராக்கி என்று எந்தத் தங்கையும் அனுப்ப முடியாது.

சரி, இதெல்லாம் பார்சலோடு முடிகிற குழப்பம். கேமராவுக்குள்ளேயே சுங்கம் புகுந்த கதை ஒன்று உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் டிஜிட்டல் போட்டோ கேமராவுக்கு இறக்குமதி வரி கிடையாது, வீடியோ கேமராவுக்கு இருந்தது. போட்டோ கேமராவே வீடியோவும் எடுக்க ஆரம்பித்ததும் எதை எதில் சேர்ப்பது? ஒரு கோடு போட்டார்கள். 800க்கு 600 பிக்சல் (படப்புள்ளி) அளவிலோ அதற்கு மேலோ, விநாடிக்கு 23 படங்களுக்குக் குறையாமல், ஒரே மூச்சில் 30 நிமிடம் பதிவு செய்தால் அது வீடியோ கேமரா. கம்பெனிக்காரர்கள் லேசுப்பட்டவர்களா? 29 நிமிடம் 59 விநாடியில் நின்றுவிடும்படி கேமராவைச் செய்துவிட்டார்கள். சூடு, கோப்பு அளவு என்று வேறு காரணங்களும் உண்டுதான். ஆனால் அந்த ஒரு விநாடிக் கணக்கு வரிக்காக வந்தது. 2014இல் வந்த பானசோனிக் ஜிஎச்4 ஐரோப்பாவில் வாங்கினால் இப்படி நிற்கும், அமெரிக்காவில் வாங்கினால் நிற்காது. கேமரா என்னவோ ஒன்றுதான்! 2015 டிசம்பரில் நைரோபியில் உலக வர்த்தக அமைப்பின் உறுப்பு நாடுகள் பல சேர்ந்து 201 வகைப் பொருட்களின் வரியை நீக்க ஒப்புக்கொண்டன. அதன் பிறகுதான் இந்தக் கட்டுப்பாடு மெல்ல மெல்லக் கழன்றது.

அதுவரை பல கம்பெனிகள் உலகம் முழுவதும் ஒரே அளவையே வைத்திருந்தன. அதனால் ஐரோப்பிய வரிக்கோடு நம் ஊர்க் கல்யாண மண்டபம் வரை வந்தது. ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டே இருப்பார், முக்காலியில் கேமரா தானாக நின்றிருக்கும். விவரம் தெரிந்த கேமராக்காரர்கள் 28ஆவது நிமிடத்திலேயே தாங்களாக நிறுத்தி மறுபடி ஓடவிடுவார்கள். தாலி கட்ட இன்னும் எவ்வளவு நேரம் என்று ஐயரிடம் இரண்டு தரம் கேட்டு, அவரிடம் திட்டு வாங்கியவர்களும் உண்டு.

நன்றி, வணக்கம்.